ஜி நாற்பத்தேழு

செவ்வாயும் வியாழனும் ஏழு மணிக்கு வகுப்பு,
பாய லேபாரில், ஐந்தாம் மாடி.
துவாஸிலிருந்து தீவைக் குறுக்கே கடக்கிறது ரயில்;
நின்றபடியே வந்து சேரும்போது
என் கையில் இன்னும் சலவைத்தூள் வாசம்.

சொல்லித்தரும் டெரிக்கிற்கு இருபத்தாறு வயது.
எனக்கு நாற்பத்துமூன்று.
அவன் விடும் கொட்டாவி எனக்கும் தொற்றிக்கொள்ளும்.
உள்ளீடு நீலம், சூத்திரம் கறுப்பு என்றான்.
சூத்திரத்துக்குள் எண்ணைப் புதைக்காதீர்கள்,
புதைத்தவருக்கே இடம் மறந்துபோகும் என்றான்.
(அது சரி. எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்.)

மூன்றாம் வாரம் கழிவு வீதம்.
எல்லாரும் பேனாவைக் கடிக்க, எனக்குச் சிரிப்பு வந்தது.
நாளைய பலாக்காயைவிட இன்றைய களாக்காய் மேல்
என்பதைத்தானே இவன் இரண்டு மணி நேரமாய்ச் சொல்கிறான்!
எத்தனை களாக்காய்க்கு ஒரு பலாக்காய்?
ஒன்பது விழுக்காடு என்றது திரை.

வீட்டுப்பாடத்துக்கு எங்கள் சலவைக்கூடத்தையே எடுத்துக்கொண்டேன்.
குவெக் வாங்கத் துடிக்கும் நீளமான இயந்திரம்:
ஓட்டல் துண்டுகள் ஒரு வாயில் அழுக்காய் நுழைந்து
மறுவாயில் வெளுத்து விழும்.
விலை பதினெட்டு லட்சம் வெள்ளி.
தண்ணீர் மிச்சம், நீராவி மிச்சம்,
இரவு ஷிஃப்டில் நான்கு பேர் மிச்சம்.
வரிசை இருபத்திரண்டில் அதைத் தட்டிவிட்டு
ரோஸ்னா எந்த ஷிஃப்ட் என்று யோசித்தேன்.
தெரியாமல் இல்லை.

ஆண்டுக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம்.
ஐந்தாண்டு வரை இழுத்தேன்.
ஆறாம் ஆண்டு தொடங்கி உலகம் உள்ளவரை
வரப்போகும் பணமெல்லாம்
ஒரே கட்டத்தில் அடங்கும் என்றிருந்தான் டெரிக்.
ஜி 47.
இன்னும் கட்டாத ஓட்டல்களில்
இன்னும் பிறக்காதவர்கள்
துடைத்துப் போடப்போகும் துண்டுகள் அத்தனையும்.
எண்டரைத் தட்டினேன்.
பதினாறு லட்சத்து எழுபதாயிரம் மேலே நின்றது, பச்சையில்.

குவெக்குக்கு அனுப்பினேன்.
உயர்த்திய கட்டைவிரல் ஒன்று வந்தது.
சற்றுப் பொறுத்து இன்னொன்று.

அன்றிரவு புக்கிட் பாத்தோக்கில் தூக்கம் பிடிக்காமல்
மறுபடி கிளறினேன்.
மொத்த மதிப்பில் நூற்றுக்கு எழுபத்தொன்று
ஜி 47-இல் குந்தியிருந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
போட்டதை அளந்தேன்,
ஆறு எதுவரை ஓடும் என்று பார்க்கவில்லை.

நிலக் குத்தகைப் பத்திரத்தைத் திறந்தேன்.
காலாண்டுதோறும் வாடகை கட்டுவது நான்;
படிக்காதவளும் நான்தான்.
மீதம் பதினோரு ஆண்டு.
அதன்பின் இயந்திரம் பிடுங்கி, தரை உடைத்து,
வந்தபடியே நிலத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இந்த ஊரில் 'என்றென்றும்' என்று தட்டும் விரல்
ஒருமுறையாவது தயங்க வேண்டாமா?
நான் படுத்திருக்கும் இந்த வீடே
தொண்ணூற்றொன்பதில் அறுபத்தொன்றுக்கு வந்துவிட்டது.

ஜி 47-ஐ அழித்தேன்.
அங்கே ஆறு ஆண்டுகளை ஒவ்வொன்றாய் நட்டேன்,
கடைசியில் இடிக்கும் செலவு ஒன்றரை லட்சம், நீலத்தில்.
கழித்தல் முப்பத்தெட்டாயிரம்.

திங்கள் காலை எட்டுக்குப் பத்து நிமிடம்.
குவெக் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.
"வளர்ச்சி இரண்டா? நான்கு போட்டுப் பார்."
போட்டேன்.
பதினாறாயிரம். பச்சை.
அவர் மூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது.

பக்கத்துக் கட்டத்தில் குறிப்பு எழுதினேன்,
டெரிக் சொன்னபடி, ஒவ்வொரு அனுமானத்துக்கும் மூலம் வேண்டும்:
நான்கு விழுக்காடு. சொன்னவர் குவெக். திங்கள், 7.50.

அவர் தன் பெயரைப் படித்தார்.
இன்னொரு முறை படித்தார்.
வெளியே ரோஸ்னா வேலை முடிந்து
வருகை அட்டையைத் தட்டும் ஒலி, டிங்.

"நான்கு கொஞ்சம் அதிகம்தான்" என்றார்.